குடியுரிமைச் சான்றாக மொழி அடையாளம்: நேபாளியர் புலம்பெயர்வு குறித்த ஓர் ஒப்பியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

'நேபாளி' என்னும் சொல் ஒரு மொழியையும், அம்மொழியைப் பேசும் மக்களையும், ஒரு நாட்டின் குடிமக்களையும் ஒருசேரக் குறித்து வருகிறது. இம்மூன்று பொருள்களும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்துபவை அல்ல. இந்தியா, பூட்டான் ஆகிய நாடுகளில் பல தலைமுறைகளாக வாழும் நேபாளி மொழியினர் நேபாள நாட்டின் குடிமக்கள் அல்லர். நேபாள நாட்டின் குடிமக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நேபாளியைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர். இப்பொருள் மயக்கம் குடியுரிமைச் சட்டங்களிலும் அவற்றின் நடைமுறையிலும் விளைவிக்கும் சிக்கல்களை இந்தியா, பூட்டான், நேபாளம் ஆகிய மூன்று நாடுகளின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது. மொழி அடையாளம் குடியுரிமையை ஐயுறுவதற்கும் மறுப்பதற்கும் சான்றாகக் கொள்ளப்படுகிறது. குடியுரிமையை வழங்குவதற்கு அதே அடையாளம் சான்றாக ஏற்கப்படுவதில்லை என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நேபாளியர், கோர்க்கா, லோட்சம்பா, மாதேசி, புலம்பெயர்வு, குடியுரிமை, நாடற்றோர்.

முன்னுரை

புலம்பெயர்ந்த மக்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் தாயகம், புகலிடம் என்னும் இரு முனைகளை வைத்து அமைகின்றன. தாயகத்திலிருந்து வெளியேறியோர், புகலிடத்தில் குடியேறியோர் என்ற வரையறை நேபாளியர் வரலாற்றுக்கு எளிதில் பொருந்துவதில்லை. மக்கள் எல்லையைக் கடந்தது போலவே, போர்களாலும் உடன்படிக்கைகளாலும் எல்லைகளும் மக்களைக் கடந்து சென்றுள்ளன. குடியுரிமை என்னும் சட்டக் கருத்து உருவாவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்ட இடப்பெயர்வுகளைப் பின்னாளில் இயற்றப்பட்ட சட்டங்கள் எவ்வாறு மதிப்பிட்டன என்பதே இங்கு எழும் வினாவாகும்.

இக்கட்டுரையில் 'நேபாளியர்' என்பது எந்நாட்டில் வாழ்ந்தாலும் நேபாளி மொழியைத் தாய்மொழியாகவோ பொதுமொழியாகவோ கொண்ட மக்களைக் குறிக்கிறது. நேபாள அரசின் குடியுரிமை பெற்றோர் 'நேபாள நாட்டுக் குடிமக்கள்' என்று தனித்துச் சுட்டப்பெறுகின்றனர்.

1. பெயரின் வரலாறு

கோர்க்கா என்னும் சிறு மலைநாட்டின் மன்னரான பிருத்வி நாராயண ஷா 1768-69இல் காத்மாண்டுப் பள்ளத்தாக்கைக் கைப்பற்றினார். அக்காலத்தில் 'நேபாளம்' என்ற பெயர் அப்பள்ளத்தாக்கை மட்டுமே குறித்தது. அங்கு வாழ்ந்த நேவார் மக்களின் மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சார்ந்தது. வென்ற கோர்க்கா ஆட்சியாளர்களின் மொழியோ இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சார்ந்தது. அது கஸ் குரா, பர்பதியா, கோர்க்கா பாஷை எனப் பல பெயர்களால் வழங்கப்பெற்றது. அரசு 1913இல் தோற்றுவித்த நூல் வெளியீட்டு அமைப்பின் பெயர் 'கோர்க்கா பாஷா பிரகாசினி சமிதி' என்றே இருந்தது. 1930களில்தான் அப்பெயரில் 'கோர்க்கா' நீங்கி 'நேபாளி' இடம்பெற்றது.

நாட்டின் பெயரே மொழியின் பெயராகவும் ஆவதற்கு நேபாளத்திற்கு வெளியே வாழ்ந்தோர் ஆற்றிய பங்கு பெரிது. 1924இல் டார்ஜிலிங்கில் 'நேபாளி சாகித்திய சம்மேளனம்' நிறுவப்பட்டது. தரணிதர் கொய்ராலா, சூர்யவிக்ரம் ஞவாலி, பாரஸ்மணி பிரதான் ஆகியோர் மொழியைச் செம்மைப்படுத்துவதிலும், கவிஞர் பானுபக்த ஆச்சாரியாவை அம்மொழியினர் அனைவருக்கும் பொதுவான அடையாளமாக நிலைநிறுத்துவதிலும் ஈடுபட்டனர். ராய், லிம்பு, தமாங், மகர், குருங் முதலிய இனத்தவர் தத்தமக்குரிய மொழிகளைக் கொண்டிருந்தனர். தேயிலைத் தோட்டங்களிலும் படைப்பிரிவுகளிலும் ஒன்றுகூடி வாழ நேர்ந்தபோது இவர்களுக்கு நேபாளி பொதுமொழியாயிற்று. பின்னர் பலருக்குத் தாய்மொழியுமாயிற்று. ஆகவே, 'நேபாளி' என்னும் பொது அடையாளத்தின் கணிசமான பகுதி பிரிட்டிஷ் இந்தியாவில் உருப்பெற்றது எனலாம்.

இதற்கு மாறாக, 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நேபாள நாட்டில் 124 தாய்மொழிகள் பேசப்படுகின்றன. நேபாளியைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரே. மொழியின் எல்லையும் நாட்டின் எல்லையும் வெவ்வேறானவை என்பதற்கு இக்கணக்கே சான்றாகும்.

2. இடப்பெயர்வின் வழிகள்

நேபாளியர் இடப்பெயர்வில் படைப்பணி முதன்மையான இடத்தைப் பெறுகிறது. பஞ்சாபின் ரஞ்சித் சிங் படையில் சேர லாகூர் சென்றோர் 'லாகுரே' எனப்பட்டனர். பின்னர் எந்த வெளிநாட்டுப் படையில் சேர்ந்தவருக்கும் இப்பெயரே வழங்கலாயிற்று. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் கோர்க்கா அரசுக்கும் இடையே நிகழ்ந்த போரின்போது, 1815இல், கோர்க்கா வீரர்களைக் கம்பெனி தன் படையில் சேர்க்கத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஒப்பமிடப்பட்டு 1816 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சுகௌலி உடன்படிக்கையால் குமாவோன், கர்வால், சிக்கிமின் பகுதிகள் ஆகியவற்றைக் கோர்க்கா அரசு இழந்தது. அப்பகுதிகளில் வாழ்ந்தோர் இடம்பெயராமலேயே வேறோர் ஆட்சியின் கீழ் வந்தனர்.

இரண்டாவது வழி உழைப்பு. 1835இல் சிக்கிம் மன்னரிடமிருந்து டார்ஜிலிங்கை ஆங்கிலேயர் பெற்றனர். தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது கிழக்கு நேபாளத்திலிருந்து தொழிலாளர் பெருமளவில் வந்தனர். வரிச்சுமை, கடன், நிலமிழப்பு ஆகியவை மலைநாட்டு உழவர்களை ஊரைவிட்டு வெளியேறத் தூண்டின. அசாமில் கால்நடை வளர்ப்போராகவும், ஓய்வுபெற்ற படைவீரராகவும், சுரங்கத் தொழிலாளராகவும் பலர் நிலைபெற்றனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பூட்டானின் தென்பகுதிக் காடுகளைத் திருத்தி விளைநிலமாக்கவும் நேபாளியர் சென்றனர்.

இவ்வாறு இடம்பெயர்ந்த எவரிடமும் குடியுரிமை ஆவணம் இருந்திருக்க இயலாது. நேபாளத்தின் முதல் குடியுரிமைச் சட்டம் 1952இலும், இந்தியாவின் குடியுரிமைச் சட்டம் 1955இலும், பூட்டானின் தேசியச் சட்டம் 1958இலும் இயற்றப்பட்டன. மூன்று சட்டங்களும் ஆறாண்டு இடைவெளிக்குள் வந்தவை. ஒரு நூற்றாண்டுக் கால இடப்பெயர்வு இச்சட்டங்கள் தோன்றுமுன்பே நிகழ்ந்து முடிந்திருந்தது.

3. இந்தியா: உடன்படிக்கை விளைவித்த ஐயம்

இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 அன்று, அதன் 5ஆம் உறுப்பில் கூறப்பட்ட தகுதிகளோடு இந்தியாவில் வாழ்ந்த நேபாளியர், ஏனைய மக்களைப் போலவே, இந்தியக் குடிமக்களாயினர். அரசியல் நிர்ணய சபையிலும் டார்ஜிலிங்கைச் சேர்ந்த அரி பகதூர் குருங் உறுப்பினராக இடம்பெற்றிருந்தார். எனினும், அதே ஆண்டு ஜூலை 31இல் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட அமைதி மற்றும் நட்புறவு உடன்படிக்கை எதிர்பாராத விளைவொன்றைத் தோற்றுவித்தது. அதன் 7ஆம் உறுப்பு, ஒரு நாட்டின் குடிமக்கள் மற்றொரு நாட்டில் வசிக்கவும், சொத்து வைத்திருக்கவும், வணிகம் செய்யவும், தடையின்றிச் சென்றுவரவும் வழிசெய்தது. இதன்படி இந்தியாவில் வாழ நேபாள நாட்டுக் குடிமகனுக்கு இந்தியக் குடியுரிமை தேவையில்லை. இதனால், இந்தியாவில் வாழும் நேபாளியர் எவராயினும் இவ்வுடன்படிக்கையின் சலுகையால் வாழ்பவரே என்ற எண்ணம் பரவலாயிற்று. எல்லையைத் திறந்துவைத்த ஆவணமே எல்லைக்குள் பிறந்தோரின் குடியுரிமையை ஐயத்திற்கு உள்ளாக்கியது.

இவ்வையத்தின் விளைவு 1980களில் வெளிப்பட்டது. 1986-87இல் மேகாலயாவிலிருந்து நேபாளியர் பலர் வெளியேற்றப்பட்டனர். 1980இல் சுபாஷ் கீசிங் தோற்றுவித்த கோர்க்கா தேசிய விடுதலை முன்னணி, தனி மாநிலக் கோரிக்கையோடு இவ்வுடன்படிக்கையின் 7ஆம் உறுப்பையும் எதிர்த்தது. 1986 ஜூலை 27இல் கலிம்போங்கில் உடன்படிக்கையின் படிகளை எரிக்கத் திரண்டோர் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். 1988 ஆகஸ்டில் டார்ஜிலிங் கோர்க்கா மலை மன்றம் அமைப்பதற்கான ஒப்பந்தம் ஏற்பட்டபோது, அதனுடன் கோர்க்காக்களின் குடியுரிமையைத் தெளிவுபடுத்தும் அறிவிக்கை ஒன்றையும் மத்திய அரசு வெளியிட்டது. அரசியலமைப்பின் தொடக்கத்திலிருந்தே குடிமக்களாக இருந்தோர் குடிமக்களே என்பதை 38 ஆண்டுகளுக்குப் பின் தனியே அறிவிக்க வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது.

அடையாளப் பெயர் குறித்த விவாதமும் இதனோடு தொடர்புடையது. அயல்நாட்டுப் பெயரைத் தாங்கியிருப்பதே ஐயத்திற்குக் காரணம் எனக் கருதியோர் 'கோர்க்கா' என்ற பெயரை வலியுறுத்தினர். இலக்கிய மரபு 'நேபாளி' என்ற பெயரில் அமைந்திருப்பதைச் சுட்டியோர், குறிப்பாகச் சிக்கிமைச் சார்ந்தோர், அப்பெயரையே வேண்டினர். 1992இல் 71ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்வழி எட்டாம் அட்டவணையில் அம்மொழி 'நேபாளி' என்ற பெயரிலேயே சேர்க்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் 29 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மொழிக்குக் கிடைத்த ஏற்பு அம்மொழியினர் மீதான ஐயத்தை முழுமையாக நீக்கவில்லை. அசாமின் தேசியக் குடிமக்கள் பதிவேடு 2019 ஆகஸ்டு 31இல் இறுதியாக வெளியிடப்பட்டபோது விடுபட்ட 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் கோர்க்காக்களும் இருந்தனர்.

சிக்கிம் தொடர்பான நிகழ்வு ஒன்றும் நோக்கத்தக்கது. 1975இல் இந்தியாவின் மாநிலமான சிக்கிமில் மக்கள்தொகையில் நேபாளியரே பெரும்பான்மையினர். வருமான வரி விலக்கு தொடர்பான வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் ஒரு பகுதியில், சிக்கிம் நேபாளியர் அயல்நாட்டுத் தோற்றம் உடையோராகக் குறிக்கப்பட்டனர். வழக்கின் முடிவுக்கு அக்குறிப்பு தேவைப்படவில்லை. மாநிலமெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மறுமாதமே நீதிமன்றம் அத்தொடரை நீக்கியது. ஒருவருடைய மொழியைக் கொண்டு அவர்தம் தோற்றத்தை முடிவுசெய்யும் போக்கு எத்துணை இயல்பாகச் செயல்படுகிறது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

4. பூட்டான்: நாள் வரம்பும் வரிச்சீட்டும்

இந்தியாவில் ஐயமாக நின்ற ஒன்று பூட்டானில் சட்டத்தின் வழியே வெளியேற்றமாக முடிந்தது. தென்பூட்டானின் நேபாளியர் 'லோட்சம்பா' எனப்படுகின்றனர். 'தெற்கத்தியர்' என்பது இச்சொல்லின் பொருள். 1958ஆம் ஆண்டுச் சட்டம் நிலமும் பத்தாண்டு வசிப்பும் உடைய இம்மக்களுக்குக் குடியுரிமை பெற வழிசெய்தது. அடுத்த இருபதாண்டுகளில் லோட்சம்பாக்கள் பலர் அரசுப் பணிகளிலும் இடம்பெற்றனர்.

1985ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்நிலையை மாற்றியது. பிறப்புவழிக் குடியுரிமைக்குத் தாய், தந்தை இருவரும் குடிமக்களாக இருத்தல் வேண்டும் என்றது. 1958 டிசம்பர் 31ஆம் நாளன்றோ அதற்கு முன்போ பூட்டானில் வசித்தோரே பதிவுவழிக் குடிமக்களாகக் கொள்ளப்பட்டனர். 1988இல் தென்மாவட்டங்களில் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் மக்கள் 'எஃப் 1' முதல் 'எஃப் 7' வரை ஏழு பிரிவுகளாக வகைப்படுத்தப்பட்டனர். முதற்பிரிவினர் உண்மையான பூட்டானியர். ஏழாம் பிரிவினர் அயல்நாட்டவர். இடைப்பட்ட பிரிவுகளில் வெளியேறித் திரும்பியோர், பூட்டானியரை மணந்த அயல்நாட்டு ஆண்கள், பெண்கள் முதலியோர் அடங்கினர். ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு பிரிவுகளில் வைக்கப்பட்ட நிலையும் ஏற்பட்டது. 1958ஆம் ஆண்டுக்குரிய நிலவரிச் சீட்டு முதன்மைச் சான்றாகக் கேட்கப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு முன் செலுத்திய வரியின் சீட்டை உழவர் குடும்பங்கள் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே பலரைக் குடியுரிமையிலிருந்து விலக்கியது.

இதே காலத்தில் 'ஒரே நாடு, ஒரே மக்கள்' என்னும் கொள்கையின்கீழ் வடபகுதி மரபுக்குரிய ஆடையும் நடத்தை நெறிகளும் அனைவருக்கும் உரியனவாக்கப்பட்டன. 1989இல் பள்ளிகளில் நேபாளி மொழிப் பாடம் நிறுத்தப்பட்டது. 1990இல் தென்பகுதியில் எதிர்ப்புப் போராட்டங்கள் நிகழ்ந்தன. கைதுகளும் வெளியேற்றங்களும் தொடர்ந்தன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்திய நிலப்பகுதியைக் கடந்து, கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மோரங் மாவட்டங்களில் அமைந்த ஏழு முகாம்களில் ஏதிலியராயினர். வெளியேறியோர் பலர், தாமே விரும்பி நாட்டை நீங்குவதாகக் கூறும் படிவங்களில் கையொப்பமிட வைக்கப்பட்டதாகத் தெரிவித்துள்ளனர்.

அக்கையொப்பத்தின் விளைவு பின்னரே புலப்பட்டது. பூட்டான், நேபாளம் ஆகிய இரு அரசுகளும் இணைந்து 2001இல் குதுனாபாரி முகாமில் சரிபார்ப்பை நடத்தி, 2003இல் முடிவை வெளியிட்டன. முகாம் மக்கள் நான்கு வகையினராகப் பிரிக்கப்பட்டனர். வலிந்து வெளியேற்றப்பட்ட பூட்டானியர் என்ற முதல் வகையில் மிகச் சிறு பங்கினரே இடம்பெற்றனர். பெரும்பான்மையோர் தாமே விரும்பி வெளியேறியோர் என்ற இரண்டாம் வகையில் சேர்க்கப்பட்டனர். விரும்பி வெளியேறியோர் குடியுரிமையை இழந்தவராகக் கருதப்பட்டமையால், அவர்கள் திரும்பும் வழி அடைபட்டது.

இம்மக்களின் நிலை நேபாளத்தில் எவ்வாறிருந்தது என்பது இக்கட்டுரையின் வினாவுக்கு முதன்மையானது. முகாமைச் சூழ்ந்திருந்த ஊர்களின் மொழியும் சமயமும் குலப்பெயர்களும் முகாமில் இருந்தோருக்கும் உரியவையே. நேபாளியர் என்ற காரணத்தாலேயே பூட்டானில் ஐயுறப்பட்டவர்கள் அவர்கள். ஆயினும், அதே காரணத்தைக் கொண்டு நேபாளம் அவர்களுக்குக் குடியுரிமை வழங்கவில்லை. அவர்கள் பூட்டானியரே என்பது நேபாளத்தின் நிலைப்பாடு. மொழி அடையாளம் ஓரிடத்தில் உரிமையைப் பறிக்கப் போதுமானதாயிற்று. மற்றோரிடத்தில் உரிமையை அளிக்கப் போதாததாயிற்று.

2007இன் இறுதியில் தொடங்கிய மூன்றாம் நாட்டுக் குடியமர்வுத் திட்டத்தின்கீழ் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட எட்டு நாடுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியமர்த்தப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பான்மையோர் அமெரிக்காவில் குடியேறினர். குடியமர்வோடு சிக்கல் தீர்ந்தது என்னும் கருத்தை 2025ஆம் ஆண்டு நிகழ்வுகள் கேள்விக்குள்ளாக்கின. அமெரிக்காவிலிருந்து பூட்டானுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட சிலர் அங்கு ஏற்கப்படாமல் இந்திய எல்லைக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து நேபாளத்தை அடைந்தோருள் சிலர், உரிய ஆவணமின்றி நுழைந்தமைக்காகக் கைது செய்யப்பட்டனர். முப்பதாண்டுகளுக்கு முன் அவர்தம் பெற்றோர் கடந்த அதே வழியை அவர்கள் மீண்டும் கடக்க நேர்ந்தது.

5. நேபாளம்: தந்தைவழியும் மாதேசியரும்

நேபாள நாட்டிற்குள் இதே சிக்கல் தலைகீழாகக் காணப்படுகிறது. தென்சமவெளியான தராயில் வாழும் மாதேசி மக்கள் மைதிலி, போஜ்புரி, அவதி முதலிய மொழிகளைப் பேசுகின்றனர். எல்லைக்கு அப்பால் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இதே மொழிகள் வழங்குகின்றன; எல்லை கடந்த திருமண உறவுகளும் நெடுங்காலமாக நிலவுகின்றன. மலைநாட்டு மொழியையும் தோற்றத்தையும் நேபாள அடையாளமாகக் கொண்ட நிருவாகத்தின் பார்வையில் மாதேசியர் இந்தியராக ஐயுறப்பட்டனர். டார்ஜிலிங்கில் நேபாளி பேசுபவர் 'நேபாளத்தவர்' எனவும், ஜனக்பூரில் மைதிலி பேசுபவர் 'இந்தியர்' எனவும் கருதப்படுவது ஒரே தர்க்கத்தின் இரு முகங்களாகும்.

நேபாளத்தில் 16 வயது நிரம்பியோர் குடியுரிமைச் சான்றிதழ் பெறலாம். கடவுச்சீட்டு, நிலப்பதிவு, வங்கிக் கணக்கு, வாக்காளர் பதிவு முதலிய பலவற்றிற்கும் இச்சான்றிதழ் இன்றியமையாதது. 2006ஆம் ஆண்டுச் சட்டம், 1990 ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன் நேபாளத்தில் பிறந்து தொடர்ந்து வாழ்ந்து வந்தோருக்குப் பிறப்புவழிக் குடியுரிமை அளித்தது. இதனால் தராயில் சான்றிதழின்றி இருந்தோர் பெருமளவில் பயனடைந்தனர். ஆனால் அவ்வாறு குடிமக்களானோரின் பிள்ளைகளுக்கு வம்சாவளிக் குடியுரிமை வழங்குவதற்கான சட்டம் நெடுங்காலம் நிறைவேறவில்லை. 2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்திற்கு அன்றைய குடியரசுத் தலைவர் வித்யா தேவி பண்டாரி ஒப்புதல் அளிக்கவில்லை; அடுத்துப் பொறுப்பேற்ற ராம் சந்திர பௌடேல் 2023இல் ஒப்புதல் அளித்தார். பெற்றோர் குடிமக்களாகவும் பிள்ளைகள் நாடற்றோராகவும் இருந்த நிலை அதுவரை நீடித்தது.

2015ஆம் ஆண்டு அரசியலமைப்பு தாயையோ தந்தையையோ கொண்டு வம்சாவளிக் குடியுரிமை பெறலாம் என்று கூறுகிறது. ஆயினும் அதன் 11ஆம் உறுப்பின் பிற பிரிவுகள் இச்சமநிலையைக் குறைக்கின்றன. நேபாளத் தந்தை அயல்நாட்டுப் பெண்ணை மணந்தால் பிள்ளை வம்சாவளிக் குடிமகனாகிறது. நேபாளத் தாய் அயல்நாட்டு ஆணை மணந்தால், அங்கேயே வளரும் பிள்ளைக்கு விண்ணப்பத்தின்பேரில் வழங்கப்படும் அங்கீகாரக் குடியுரிமையே கிடைக்கக்கூடும். குடியரசுத் தலைவர், தலைமை அமைச்சர் முதலிய உயர்பதவிகள் வம்சாவளிக் குடிமக்களுக்கே உரியவை என்பதால், இவ்வேறுபாடு வாழ்நாள் முழுவதும் தொடர்வது. தந்தை யார் எனத் தெரியாத பிள்ளைக்காகத் தாய் தனியே உறுதிமொழி அளிக்கவேண்டியுள்ளது. எல்லை கடந்த திருமணங்கள் மிகுந்த தராயில் இவ்விதிகளின் சுமை பெண்கள் மீதே மிகுதியாக விழுகிறது.

6. கடல் கடந்த நேபாளியர்

2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 22 இலட்சம் நேபாள நாட்டுக் குடிமக்கள் வெளிநாடுகளில் இருந்தனர். வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் ஒப்பந்தப் பணியாற்றுவோருக்கு அங்குக் குடியுரிமை பெறும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை. பிரித்தானியப் படையில் பணியாற்றிய கோர்க்கா வீரர்களோ நீண்ட வழக்கிற்கும் பரப்புரைக்கும் பின் 2009இல், 1997க்கு முன் ஓய்வுபெற்றோர் உட்பட, அங்குக் குடியமரும் உரிமையைப் பெற்றனர். நேபாளம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; பிறநாட்டுக் குடியுரிமை பெறுவோர் நேபாளக் குடியுரிமையை இழப்பர்.

இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்ய, அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு 'வெளிநாடுவாழ் நேபாளிக் குடியுரிமை' என்னும் வகையை ஏற்படுத்தியுள்ளது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளை மட்டும் அளிக்கும் இவ்வகை, சார்க் நாடுகளில் வாழ்வோருக்குப் பொருந்தாது. தாமோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியரோ முன்னர் நேபாளக் குடிமக்களாக இருந்திருத்தல் வேண்டும் என்பதும் விதி. எனவே இந்திய நேபாளியரும் பூட்டானில் எஞ்சியுள்ள லோட்சம்பாக்களும் இவ்வரையறைக்குள் அடங்குவதில்லை. நேபாள அரசின் 'வெளிநாடுவாழ் நேபாளி' என்னும் சொல் மொழியைச் சுட்டாமல், இழந்த குடியுரிமையையே சுட்டுகிறது.

7. ஒப்பீடு

மூன்று நாடுகளின் நிலையையும் ஒப்புநோக்கும்போது பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, குடியுரிமையை அறுதியிடும் நாள் வரம்பு ஒவ்வொரு நாட்டிலும் வேறுபடுகிறது. இந்தியாவில் 1950, பூட்டானில் 1958, நேபாளத்தில் 1990 ஆகியவை எல்லைகளாகின்றன. ஒரு குடும்பம் எந்த நாட்டில், எந்நாளில் இருந்தது என்பதைப் பொறுத்து உடன்பிறந்தோரின் குடியுரிமையும் வேறாகலாம்.

இரண்டாவதாக, சான்றளிக்கும் பொறுப்பு தனிமனிதர் மீதே சுமத்தப்படுகிறது. ஆவணங்களை உருவாக்குவதும் வைத்திருப்பதும் அரசின் வழக்கம். அவற்றைக் காட்டவேண்டிய கடமையோ உழவருக்கும் தொழிலாளருக்கும் உரியதாகிறது.

மூன்றாவதாக, மொழி அடையாளம் சட்டத்தின் எழுத்தில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆயினும் யாரிடம் ஆவணம் கேட்பது என்பதை நடைமுறையில் அதுவே முடிவு செய்கிறது. அசாமில் நேபாளி பேசுபவரிடமும், தராயில் மைதிலி பேசுபவரிடமும், தென்பூட்டானில் லோட்சம்பாவிடமும் சான்று முதலில் கேட்கப்படுகிறது. ஐயத்திற்கு உட்படாத மொழியினரிடம் அதே ஆவணம் இல்லாதிருப்பது வெளிப்படுவதே இல்லை.

முடிவுரை

லில் பகதூர் சேத்ரி இயற்றிய 'பசாய்ன்' என்னும் புதினம், கடனால் நிலமிழந்து ஊரைவிட்டு வெளியேறும் நேபாள மலைநாட்டு உழவர் குடும்பத்தைச் சித்திரிப்பது. நேபாளி இலக்கியத்தின் செல்வாக்கு மிக்க படைப்புகளுள் ஒன்றான இதனை இயற்றியவர் அசாமில் பிறந்த இந்தியர். ஒரு மொழியின் இலக்கியம் அரசியல் எல்லைகளைக் கடந்து ஒன்றாக இயங்க முடியும் என்பதற்கு இது சான்று. அவ்வொருமை அம்மொழியினர் அனைவரும் ஒரே நாட்டிற்கு உரியோர் எனக் கொள்வதற்குச் சான்றாகாது.

'நேபாளி' என்னும் சொல்லின் மொழிப்பொருளையும் குடியுரிமைப் பொருளையும் பிரித்துணர்வது ஆய்வாளருக்குச் சொல்லாட்சி பற்றிய ஒழுங்கு; எல்லைப்புற மாவட்டங்களில் வாழ்வோருக்கு அது வாழ்வுரிமை பற்றியது. இப்பிரிவினையைச் சட்டம் ஏற்பதோடு, ஆவணம் கேட்கும் அலுவலரின் நடைமுறையும் ஏற்கும் வரை, 1988ஆம் ஆண்டின் இந்திய அறிவிக்கையைப் போன்ற விளக்கங்கள் மீண்டும் மீண்டும் தேவைப்படும். பூட்டானிய ஏதிலியரின் இரண்டாம் தலைமுறை, நேபாளத் தாய்மார்களின் பிள்ளைகள் ஆகியோரின் குடியுரிமை நிலை குறித்த கள ஆய்வுகள் இத்துறையில் மேலும் விரிவடைதல் வேண்டும்.